சிஞ்ஞோராவின் மாப்பலகை

குணலட்சுமியின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவுமலர் என் மடியில் கிடக்கிறது. வழுவழுப்பான தாள், முகப்பில் அவளுடைய கடவுச்சீட்டுப் படம், உள்ளே தேவாரம், அதற்குப் பிறகு வாழ்க்கைக் குறிப்பு. எழுதியவர் எங்கள் ஊரில் யார் செத்தாலும் எழுதுகிறவர். 'உரும்பிராய் மண்ணில் உதித்து, பண்பின் உறைவிடமாய் விளங்கி, இத்தாலி நாட்டில் சிலகாலம் வாழ்ந்து, இறைபதம் எய்தினார்' என்று நாலு வரியில் முடித்துவிட்டார். சிலகாலமாம்! பதினெட்டு வருஷம் அவருக்குச் சிலகாலம். பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே குறிப்புப் பொருந்தும். வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போட்டிருப்பேன், முகப்பில் அவள் முகம் இருந்தபடியால் விட்டேன்.

அவள் மா குழைத்தவள். அதை எழுதாமல் அவளைப் பற்றி வேறு என்னத்தை எழுதுவது? அவள் எப்படிப் போனாள் என்பதும் அந்தக் குறிப்பில் இல்லை. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் உதயகலா, அவளுடைய புருஷன் தியாகராசாவின் தங்கச்சி. ஒரே வளவுக்குள் அவர்களுடையது முன்வீடு, என்னுடையது பின்வீடு.

குணமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அண்ணைக்கு அவளைத்தான் பேசவேண்டும் என்று அம்மாவிடம் ஒற்றைக்காலில் நின்றதும் நான்தான். கலியாணம் முடிந்த அன்றே அம்மா, "இனி அவளை மச்சாள் எண்டு கூப்பிடு, வாடி போடியெல்லாம் வேண்டாம்" என்று கட்டளை போட்டுவிட்டார். அப்படியே கூப்பிட்டேன். கோபம் வந்தால் மட்டும் 'குணம்' என்று வாயில் வந்துவிடும். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

இரண்டு பேரும் பிழைப்புக்காகப் பலெர்மோவுக்குப் போனார்கள். எங்கடை ஆட்கள் அங்கே நிறையப் பேர். அண்ணை ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மச்சாளுக்கு ஒரு வயதான சீமாட்டி வீட்டில் தங்கி வேலை. அவள் பெயர் நூன்சியா. மச்சாள் எப்போதும் அந்த ஊர் வழக்கப்படி 'சிஞ்ஞோரா', அம்மணி, என்றுதான் சொல்லுவாள். சிஞ்ஞோராவின் புருஷன் செத்துப்போனார், பிள்ளைகள் வடக்கே எங்கேயோ. வலது கையில் மோதிர விரல் உள்ளே மடங்கி நிமிராமல் போய்விட்டதால் அவளுக்கு மா குழைக்க இன்னொருவரின் கை தேவைப்பட்டது. அதற்குத்தான் மச்சாளை எடுத்தாள்.

பக்கத்தில் நின்று, குழைத்த மாவில் தன் கையை அழுத்திப் பார்ப்பாளாம். பிழையென்றால் கத்துவாள். சரியென்றால் ஒன்றும் சொல்லமாட்டாள். சாப்பாட்டையும் புகழமாட்டாள். மிக நன்றாக இருந்தால் மட்டும் ஒரே ஒரு பாஸ்தா நாடாவை எடுத்துச் சாப்பிடுகிற கோப்பையின் விளிம்பில் வளைத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவாள். "முதல் நாடா விளிம்புக்கு வர எனக்கு ஒரு வருஷம் எடுத்ததடி" என்று மச்சாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கிழமை முழுக்கப் படுக்கையும் சிஞ்ஞோரா வீட்டில்தான். வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் லீவு. அன்றைக்குப் பஸ் பிடித்து, அண்ணையும் மகன் பிரவீணனும் இருந்த ஒற்றை அறைக்குப் போய், காளான் பாஸ்தா செய்து, மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். பொழுதுபட முதல் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிஞ்ஞோரா பல்கனியில் நின்று கத்துவாள். பதினெட்டு வருஷத்துக் குடும்ப வாழ்க்கை என்று பார்த்தால், அவ்வளவும் வியாழக்கிழமைப் பின்னேரங்கள்தான். அதை நினைக்க எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பிரவீணன் வளர்ந்து அங்கேயே வேலை எடுத்த பிறகு அண்ணையும் மச்சாளும் ஊருக்குத் திரும்பினார்கள். விடைபெறப் போன அன்றைக்குச் சிஞ்ஞோரா கதவடியில் நின்று, "இனி எனக்கு ஆர் குழைச்சுத் தாறது?" என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் யாராவது படி இறங்கும்போது 'போறன்' என்று சொல்லுவோமா? செத்தாலும் சொல்லமாட்டோம், போய்விட்டு வருகிறோம் என்றுதான் சொல்லுவோம். மச்சாளும் ஊர் வழக்கப்படி, "போட்டு வாறன் சிஞ்ஞோரா" என்பதை அப்படியே இத்தாலியனில் சொல்லியிருக்கிறாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவியா? வாக்கா?" என்று கேட்க, இவளும் அழுகையை அடக்கிக்கொண்டு, "ஓம் ஓம், வருவன்" என்றிருக்கிறாள். உடனே சிஞ்ஞோரா உள்ளே போய்த் தன் மாப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாளாம். "அப்ப இதைக் கொண்டு போ. வரேக்கை கொண்டு வா."

அந்தப் பலகையை நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு சின்னக் கதவளவு. நடுப்பகுதி தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். விமானத்தில் அதற்காகவே அண்ணையின் உடுப்புப் பெட்டி ஒன்று நின்றுபோனது. "மனுசர் நகை கொண்டு வருவினம், இவள் விறகு கொண்டு வந்தாள்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

உரும்பிராயில் அந்த விறகுதான் மச்சாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பலகையில் மாவைக் குவித்து, நடுவில் கிணறு மாதிரிக் குழி எடுத்து, ஊர்க்கோழி முட்டையை உடைத்து ஊற்றுவாள். முள்ளுக்கரண்டியால் மெல்ல மெல்லக் கரையை உள்ளே இழுத்து, பிறகு உள்ளங்கையின் அடியால் தள்ளித் தள்ளிக் குழைப்பாள். மா காதுமடல் மாதிரி வரவேண்டும் என்பாள். ஈரத்துணியால் மூடி ஆறவிட்டு, நீளக் கட்டையால் உருட்டுவாள், பலகையின் மரக்கோடுகள் மாவுக்குள்ளால் தெரியும் மட்டும். பிறகு மடித்து, நாடா நாடாவாக வெட்டி, தடியில் தொங்கவிடுவாள். வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்கமாட்டாள், ரவை மாவும் வெந்நீரும்தான்.

அங்கத்தை இலைகளுக்கு இங்கத்தை இலைகளைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றடியில் கற்பூரவள்ளி, வேலியோரம் திருநீற்றுப்பச்சை. "சாமிக்கு வைக்கிறதைச் சட்டியிலை போடுறியேடி, பாவம் பிடிக்கும்" என்று நான் பேசினேன். "சாமி மணந்து பார்த்திட்டுத் தரட்டும்" என்றாள். காளானுக்கு மாதர் சங்கத்தில் பழகி வளவின் மூலையில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டாள். மரத்தூள் நிரப்பிய பைகள் இருட்டுக்குள் வரிசையாகத் தொங்கும். பையின் கீறலுக்குள்ளால் சிப்பிக் காளான் வெள்ளை வெள்ளையாகக் காது நீட்டும். எனக்கு அதற்குள் போகவே பிடிக்காது. யாரோ ஒரு கூட்டம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நாங்கள் கதைப்பதைக் கேட்கிற மாதிரி இருக்கும்.

முதலில் ஊர் சிரித்தது. கோதுமை மா இடியப்பம் என்றார்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் இரண்டு விடுதிகள் கேட்டு வாங்கின. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓட்டோவில் தேடி வந்தார்கள். யார் வந்தாலும் வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் மச்சாள் ஓடர் எடுக்கமாட்டாள். "இஞ்சை உனக்கு ஆரடி முதலாளி? ஆரிட்டை லீவு எடுக்கிறாய்?" என்று நக்கலடிப்பேன். "பழகிப்போச்சு" என்பாள். அன்றைக்கு அண்ணைக்கு மட்டும் காளான் பாஸ்தா. என்னையும் கூப்பிடுவாள். இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவேன், ருசி என்று மட்டும் சொல்லமாட்டேன்.

போன புரட்டாதியில் அண்ணைக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கவனமாகப் பாருங்கோ, இன்னொருக்கா வந்தால் தாங்கமாட்டார் என்று சொல்லித்தான் விட்டார்கள். மச்சாள் அவரை ஊட்டி, கழுவி, திருப்பிப் படுக்கவைத்து, இடையில் மாவும் குழைத்தாள். அழுததை நான் காணவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து மா ஒட்டும் என்பதால், வேலை முடிந்ததும் துடைத்து, மேலே கொஞ்சம் மா தூவி, குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போவது அவள் வழக்கம். ஒருநாள் காலையில் நான் அண்ணைக்குக் கஞ்சி கொண்டு போனபோது அவள் பலகைக்கு முன்னால் அசையாமல் நின்றாள். எட்டிப் பார்த்தேன். மாவில் ஒரு கை பதிந்திருந்தது. வலது கை. உள்ளங்கை, பெருவிரல், மற்ற விரல்கள், எல்லாம் தெளிவு. ஒரு விரல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் சின்ன வட்டமாக ஒரு குழி.

"உது ஆற்றை கை?" என்றேன்.

"பூனையா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே துணியை எடுத்து ஒரே இழுவையில் துடைத்தாள்.

பூனைக்கு மனுசக் கை இருக்கிறதா? எனக்கு உடனே அம்மா ஞாபகம்தான். ஏனென்றால் எங்கள் அம்மாவுக்கும் வலது கையில் ஒரு விரல் பாதிதான். புகையிலை வெட்டும்போது போனது. அம்மா செத்தபோது அண்ணை பலெர்மோவில், விசாப் பத்திரம் சரிவராமல் வரமுடியாமல் போய், கொள்ளியைப் பெரியப்பாவின் மகன் வைத்தான். 'மூத்தவன் முகம் பாராமல் போறாள், ஒருநாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள்' என்று செத்தவீட்டில் கிழவிகள் சொன்னது என் காதில் இன்னும் கிடக்கிறது. இப்போது மகன் கட்டிலில் கிடக்கிறான், தாய் குசினி வரைக்கும் வந்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாவுக்குப் பாதியானது சுட்டுவிரல். மாவில் இல்லாதது மோதிர விரல். விரலை நிதானமாக எண்ணிப் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்!

அடுத்த காலையும் கை இருந்தது. அதற்கடுத்த காலையும். குசினிக்குள் ஒரு மணம் வேறு, அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டை மணம். எங்கள் வீட்டில் அதை யாரும் பாவிப்பதில்லை.

"அம்மாதான் மச்சாள். அண்ணையைக் கேட்டு வந்து நிக்கிறா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மாமி குசினிக்கு வந்து மாவிலை ஏன் கை வைக்கப்போறா?"

"உனக்கு விசர். உனக்கு ஒண்டும் தெரியாது" என்று சீறினேன்.

அன்று பொழுதுபடும் நேரம் அம்மாவுக்குப் படைத்தேன். ஒடியல் கூழ், பொரித்த மீன், வெற்றிலை, ஒரு துண்டுப் புகையிலை. குசினியில் தலைவாழை இலை போட்டு எல்லாம் வைத்து, விளக்கேற்றி, "எங்கடை அண்ணையை விட்டிட்டுப் போங்கோ அம்மா, உங்களுக்கு என்ன வேணுமோ தாறம்" என்று கும்பிட்டு, கதவைச் சாத்தி, நானும் மச்சாளும் முற்றத்தில் நின்றோம். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது. கதவைத் திறந்தபோது படையல் வைத்தபடி இருந்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் காலையில் பார்த்தால் பொரித்த மீனில் ஒரு எறும்புகூட ஏறவில்லை. எங்கள் வீட்டு எறும்புகள் அப்படி மரியாதை தெரிந்தவை அல்ல.

பலகையில் கை இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது. முதல் நாள் பலகையின் தூரக் கரையில் இருந்தது, நாளுக்கு நாள் நகர்ந்து மச்சாள் நின்று குழைக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு அண்ணைக்குக் காய்ச்சல். நான் கோயிலில் நூல் ஓதிவித்துக் கட்டினேன். தலைமாட்டில் வேப்பிலை. தெருவுக்கு எதிர்வீட்டுப் பத்மாவதியைக் கூப்பிட்டு, மாறி மாறிக் கட்டிலைச் சுற்றி இருந்தோம், கண் இமைக்காமல். எமன் வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று பத்மாவதி வீரம் பேசினாள். மச்சாள் தனியாகக் குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அங்கே போய் இருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

காளான் ஆயப் போன மச்சாள் வெறுங்கையோடு திரும்பி வந்து, "உதயா, ஒருக்கா வந்து பார்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சிப்பிக் காளான் வெளிச்சம் வருகிற பக்கம்தான் முகம் திருப்பும். அதனால் எப்போதும் அவ்வளவும் வாசலைப் பார்த்து நிற்கும். அன்றைக்கு ஒவ்வொரு பையிலும் ஒவ்வொரு காதும் பின்புற இருட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் குசினி.

"கோதாரி! நான் நிக்கமாட்டன்" என்று வெளியே ஓடி வந்துவிட்டேன். அவள் ஆறுதலாக வந்து கிணற்றுக் கட்டில் இருந்து, பிரவீணனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, ஒருக்காச் சிஞ்ஞோரா வீட்டை போய்ப் பார்த்திட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

பிரவீணன் திரும்ப எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். போனில் அவன் முகம் வாடிக் கிடந்தது.

"அம்மா, சிஞ்ஞோரா செத்துப் போச்சுதாம். போன மாசமே. ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. செத்தவீட்டுக்கு ஆக்களே இல்லையாம், பிள்ளையள் வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போட்டினம். பக்கத்து வீட்டு மனுசி சொல்லுறா, கடைசி நாளிலை மேசையிலை மாவைக் கொட்டிப்போட்டுக் கையாலை அடிச்சு அடிச்சுக் கேட்டதாம், லக்சுமி எங்கை, போட்டு வாறன் எண்டு சொன்னவள் எங்கை எண்டு."

மச்சாள் போனை மடியில் வைத்தாள். "எனக்கு முதல் நாளே தெரியும். அந்த விரலையும் அவவின்ரை உடுப்பு மணத்தையும் தெரியாதே எனக்கு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். "அப்ப அம்மா இல்லை! அப்ப அண்ணையைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லை!" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"ஓம். உன்ரை கொண்ணைக்கு ஒண்டும் வராது" என்றாள் மச்சாள். சிரித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடியேய் குணம்! நீ போகேலாது. அந்தக் கிழவிக்குச் சொல்லு, வேலையை விட்டாச்செண்டு சொல்லு! பதினெட்டு வருஷம் காணாதாமே அவளுக்கு?"

"செத்தவீட்டிலை அழ ஒரு ஆள் இல்லாமல் போனதடி. ஒரு பிடி சாப்பாடு ஆரும் வைக்கேல்லை. முதல் அதைச் செய்வம். வயிறு நிறைஞ்சால் போயிடுவா."

அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. பிசகக்கூடாது என்று அவள் அன்றைக்குச் சமைத்த மாதிரி நான் யாரும் சமைத்துப் பார்த்ததில்லை. முட்டையின் மஞ்சளை மட்டும் எடுத்துக் குழைத்தாள். பலகையின் கோடு என்ன, மரத்தின் கணுகூட மாவுக்குள்ளால் தெரிந்தது. காளானைக் கத்தி தொடாமல் கையால் கிழித்து, எண்ணெய் விடாத தாச்சியில் போட்டு, அது விட்ட தண்ணீர் வற்றும் மட்டும் வதக்கினாள். பிறகு பிரவீணன் அனுப்பிய ஒலிவ் எண்ணெய், நசுக்கிய உள்ளி, மிளகு. கடைசியில் கற்பூரவள்ளியும் திருநீற்றுப்பச்சையும் கிள்ளிப் போட்டபோது வளவு முழுக்க மணந்தது. உப்புத் தண்ணீரில் நாடாக்கள் இரண்டு கொதியில் வெந்துவிட்டன. வாழை இலை வேண்டாம், வெள்ளைக் கோப்பை எடு என்றாள். வலப்பக்கம் முள்ளுக்கரண்டி, மடித்த துணி, சின்னப் பேணியில் கறுப்புக் கோப்பி. பலகையிலேயே எல்லாம் வைத்து, ஒரு மெழுகுதிரியும் விபூதித் தட்டும் வைத்தாள். இத்தாலியனில் ஏதோ சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம். மழை விட்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

திறந்தபோது முதலில் பலகையைத்தான் பார்த்தேன். மாவில் கை இல்லை. சுத்தமாக இருந்தது. "போட்டா! பிள்ளையாரே, போட்டா!" என்று கத்தினேன். மச்சாள் கோப்பையைக் காட்டினாள்.

எல்லாம் வைத்தபடி இருந்தது. ஒரே ஒரு நாடா மட்டும் கோப்பையின் விளிம்பில் வளைந்து கிடந்தது.

"நல்லாச் செய்திட்டன் போல கிடக்கு, உதயா" என்றாள்.

உப்பை அள்ளிப் போட்டுக் கெடுத்திருக்கக்கூடாதா, விசரி! எத்தனை தரம் அதை நினைத்து நினைத்து அவளைத் திட்டியிருப்பேன். ஆனால் அவளுக்குக் கெட்டதாகச் சமைக்கத் தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை. பின்னேரம் முழுக்க அண்ணையின் கட்டிலோடேயே இருந்தாள். அதே காளான் பாஸ்தாவைச் சிறிது சிறிதாக வெட்டி ஊட்டினாள். என்னவோ பலெர்மோக் கதையெல்லாம் சொன்னாள், அண்ணை அரைவாய் கோணச் சிரித்தார். நான் அவளை விட்டு அசையவில்லை. பொழுதுபடும்போது எழும்பி அவர் நெற்றியைத் தடவி, "போட்டு வாறன்" என்றாள். குசினிக்குப் போவதற்கு யாராவது அப்படிச் சொல்லுவார்களா? நான் பின்னாலேயே போனேன். பலகையைத் துடைத்து மா தூவினாள். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் அண்ணை கூப்பிட்டார். வார்த்தை இல்லை, ஒரு சத்தம், நோய் வந்த பிறகு அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம். ஓடிப் போனேன். தலையணையிலிருந்து வழுக்கிக் கிடந்தார், அவ்வளவுதான். நிமிர்த்தி, துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மச்சாள் குசினியில், பலகைக்கு முன்னால் முக்காலியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மா, முட்டை இல்லாதது, பாதி குழைத்தபடி. இரண்டு கையும் மாவுக்குள். தலை மட்டும் சரிந்திருந்தது. தொட்டேன், சூடு இருந்தது. மூச்சு இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்று வந்து பார்த்தவர் சொன்னார். பூச்சி உருண்டை மணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிரவீணன் வந்து கொள்ளி வைத்தான். மூன்று பேருக்கும் ஒரே தாயைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது, அவனுக்கு, எனக்கு, அண்ணைக்கு. பலகையையும் கூடவே எரித்துவிடு என்று நான் கத்தினேன். அவன் மறுத்துவிட்டான். அவனும் திரும்பிப் போய்விட்டான், பாவம், வேலை அங்கே.

அதற்குப் பிறகு மாவில் எந்தக் கையும் பதியவில்லை. அண்ணை தேறினார். முதலில் 'தண்ணி', பிறகு 'உதயா', பிறகு குட்டி வசனங்கள். மச்சாள் செத்ததைச் சொல்லியிருந்தோம். சில நேரம் நினைவிருக்கும், சில நேரம் இருக்காது. நினைவுமலர் வந்தபோது படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இன்றைக்கு மத்தியானம் திடீரென்று, "காளான் பாஸ்தா தா" என்றார்.

எனக்கு மா குழைக்கத் தெரியாது. ரொட்டிக்குத் தவிர நான் கோதுமை மாவைத் தொட்டதில்லை. ஆனாலும் அண்ணை வாய் திறந்து கேட்டதை இல்லை என்பதா? சுவரில் சாத்திக் கிடந்த பலகையை இறக்கிக் கழுவினேன். கிணறு எடுத்து முட்டை ஊற்றினால், கரை உடைந்து முட்டை நிலத்துக்கு ஓடியது. திட்டித் திட்டிக் குழைத்தேன். அங்கே ஒரு வெடிப்பு, இங்கே ஒரு கட்டி. காதுமடலாம்! என் குதிக்கால் மாதிரி இருந்தது. அழுகை வந்தது. ஈரத்துணியால் மூடிவிட்டுக் காளான் ஆயப் போனேன்.

தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் பைகள் பாதி காய்ந்திருந்தன. இருந்த கொஞ்சக் காளானும் குசினிச் சுவரைப் பார்த்தபடி நின்றது. ஒரு பிடி ஆய்ந்துகொண்டு திரும்பி வந்தேன்.

துணி மடித்து ஒரு பக்கமாக வைக்கப்பட்டிருந்தது. மா பலகை முழுக்க விரிந்து கிடந்தது, பலகையின் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிய. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கட்டி இல்லை. வீட்டில் அண்ணையைத் தவிர யாருமில்லை, அவரால் எழுந்திருக்கவும் முடியாது. படலை நான் பூட்டியபடி இருந்தது. குசினிக்குள் கற்பூரவள்ளியும் திருநீற்றுப்பச்சையும் மணந்தன. நான் இன்னும் இலை ஒன்றும் கிள்ளவில்லை.

ஓடியிருப்பேன். ஆனால் அண்ணை பசியோடு கிடந்தார். மாவை மடித்து வெட்டி, வேகவைத்து, காளானும் இலையும் போட்டுக் கொண்டு போய் ஊட்டினேன். ஒரு வாய் மென்றார். கண்ணை மூடினார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, ஒரு நாடாவை எடுத்துக் கோப்பையின் விளிம்பில் போட்டார்.

"குணம் வந்திட்டாளே?" என்று கேட்டார்.

இல்லை அண்ணை, அவள் செத்துப்போனாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் நாட்காட்டி தொங்கியது. காலையில் நானேதான் தாளைக் கிழித்தேன், என்ன கிழமை என்று பார்க்கவில்லை.

"ஓம் அண்ணை" என்றேன். "இண்டைக்கு வியாழக்கிழமை."

அவர் ஜன்னலால் வெயிலைப் பார்த்தார். "அப்ப கெதியா அவளுக்கும் ஒரு கோப்பை போடு. பொழுதுபட முதல் திரும்பவேணும்."

அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய் மூன்றாவது கோப்பையை எடுத்தேன்.